பத்தடிக் கோல்

குடிநீர் அலுவலகத்தில் கொடுத்த மதிப்பீட்டுத் தாளைக் கடப்பாரை இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை புரிந்துகொள்வதற்கு, இரண்டாவது தடவை கோபத்தை நன்றாக ஏற்றிக்கொள்வதற்கு.

கடப்பாரை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போன இரண்டாம் வாரமே, அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்ட மேஸ்திரியை எல்லார் முன்னாலும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டாள். அன்றைக்குக் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் அது. பிறகு அவளைக் கட்டிக்கொண்ட கொத்தனாரும் அப்படியேதான் கூப்பிட்டார், என்ன, கொஞ்சம் பயந்து பயந்து கூப்பிடுவார்.

"என்ன சார் இது? வீடு கட்டின செலவுல பாதி இதுலயே போயிடும் போலிருக்கே?"

குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். புதுக் கட்டடத்துக்கு இணைப்புக் கட்டணம் எப்படிப் போடுகிறார்கள் என்பதை ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்கிற மனிதர். மூச்சு விடாமல் சொல்லப் பழகியிருந்தார்.

"விண்ணப்பக் கட்டணம் எல்லாருக்கும் ஒண்ணுதான். வைப்புத்தொகை சதுர அடிக்குத் தகுந்த மாதிரி. உங்களுது சின்ன வீடு, அது ரெண்டும் கம்மிதான். மூணாவதுதான் பெருசு. மெயின் குழாய் முடியுற இடத்துலேருந்து உங்க வாசல் வரைக்கும் எத்தனை மீட்டரோ, அத்தனைக்கும் ரோடு வெட்ட, குழாய் பதிக்க, திரும்ப மூட, எல்லாச் செலவும் உங்களுது. உங்களுக்கு அறுபது மீட்டர்."

"மெயின் குழாய் எங்க முடியுதுன்னு போட்டிருக்கீங்க?"

"மாவு மில் முக்குல."

"அங்க முடியலையே சார். எங்க தெருவுக்குள்ளதான் போகுது."

குமாஸ்தா பின்னாலிருந்த அலமாரியைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை எடுத்து விரித்தார். நீலக் கோடு ஒன்று பெரிய சாலையோடு வந்து மாவு மில் முக்கில் நின்றது. அதற்கப்பால் அவள் தெரு வெள்ளையாகக் கிடந்தது.

"பாத்தீங்களா? நின்னுடுச்சு."

"காகிதத்துல நிக்குது சார். மண்ணுக்குள்ள நிக்கல. அந்தக் குழாய்க்குப் பள்ளம் வெட்டினதே நான்தான்."

"ஏம்மா, குழாய் எங்க இருக்குன்னு ஆபீசுக்குத் தெரியாதா?"

"தெரியலையே. அதைத்தானே அப்பலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். குமாஸ்தா வரைபடத்தைச் சுருட்டி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் முள்ளும் புதரும்தான் இருந்தன. அலுவலகத்திடம் வேலை எடுத்திருந்த காண்ட்ராக்டரிடம் அவளும் இன்னும் ஏழு பெண்களும் பள்ளம் வெட்டப் போனார்கள். மில் முக்கோடு வேலை முடிந்தது என்று சட்டியையும் மண்வெட்டியையும் கழுவிக்கொண்டிருந்தபோது, காண்ட்ராக்டர் வந்து தெருவுக்குள் கொஞ்சம் வெட்டச் சொன்னார். மிச்சக் குழாய்கள் லாரியில் கிடந்தன. கூலி, கோல் கணக்கு. மூங்கிலில் செய்த பத்தடிக் கோல் ஒன்றை அவரே கையில் வைத்துக்கொண்டு அளப்பார். முக்கிலிருந்து பதினெட்டுக் கோல் வெட்டினார்கள். பதினெட்டாவது கோல் முடிந்த இடத்தில் சின்னதாகத் தொட்டி கட்டி, வால்வு வைத்து, இரும்பு மூடி போட்டார்கள். கடைசி நாள் மதியம் அந்த மூடிமேல் உட்கார்ந்துதான் அவள் சாப்பிட்டாள். சூடு தாங்காமல் துண்டை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டதுகூட நினைவிருந்தது. அதற்கு மேல் காண்ட்ராக்டர் வேறு ஆட்களை வைத்து வெட்டினார். எதுவரைக்கும் என்று அவள் அப்போது கேட்கவில்லை, கூலி வந்ததும் போய்விட்டாள்.

அடுத்த வருடமே தெருக்கோடியில் காண்ட்ராக்டர் தனக்கு மாடி வீடு கட்டிக்கொண்டார். கோடையிலும் அவர் தோட்டத்துப் புல் பச்சைப்பசேல் என்று இருக்கும். கேட்டால் ஆழ்துளைக் கிணறு என்பார். தெருவுக்கு இரண்டு தடவை தார் போட்டார்கள். மூடி தாருக்கு அடியில் போய்விட்டது.

மனை வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, அவள்தான் இந்தத் தெருவைக் காட்டினாள். "வேற எது இருக்கோ இல்லையோ, வாசல்ல தண்ணிக் குழாய் இருக்கு" என்று சொன்னாள். வாரத்தில் ஆறு நாள் ஊரார் வீட்டைக் கட்டிவிட்டு, ஏழாவது நாள் தங்கள் வீட்டைக் கட்டினார்கள். கொத்தனார் அடுக்க, அவள் கலவை போட, இரண்டு அறையும் சமையலறையும் எழும்ப மூன்று வருடம் ஆயிற்று. சமையலறைச் சுவரில் புதுக் குழாய்கூடப் பொருத்தியாகிவிட்டது. திருகினால் காற்றுதான் வந்தது. வாடகை வீட்டுக்காரர் மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார். இந்த அறுபது மீட்டருக்குக் கட்டுவதென்றால், கட்டிய வீட்டை அடகு வைத்தாக வேண்டும். கட்டாவிட்டால் பக்கத்து வீட்டு வேன் டிரைவர் கதிதான். அவருக்கும் இதே மாதிரி தாள் கொடுத்தார்கள். கட்ட முடியாமல் நாலு வருடமாக லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"கடனை வாங்கிக் கட்டிடலாம். ஆபீசோட மல்லுக்கு நிக்க நம்மால முடியுமா?" என்றார் கொத்தனார்.

"நான் வெட்டின பள்ளத்தை இன்னொரு தடவை வெட்ட நானே காசு கொடுக்கணுமா? எவன் தலையில மிளகாய் அரைக்கப் பாக்கறாங்க? பதினெட்டுக் கோல். என் இடுப்புக்குத் தெரியும்."

கோல் என்றதும் கொத்தனார் எழுந்துபோய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பூச்சுக் கரண்டியை மறுபடி கழுவினார். கோபத்தில் இருந்த அவள் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, வேலைக்குப் போகிற மாதிரியே சாப்பாட்டுத் தூக்கோடு அலுவலக பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இன்ஜினியர் உள்ளே போகும்போது எழுந்து நின்றாள்.

"காலையில ஆறு மணிக்கு எங்க தெருவுக்கு வந்து பாருங்க சார்."

இன்ஜினியர் சின்ன வயசுக்காரர். இந்த இடத்துக்கு மாற்றலாகி வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் நாள் கேட்டபோது பரிசீலனையில் இருக்கிறது என்றார்.

"அது எந்த மேசையில இருக்குன்னு சொல்லுங்க சார். அங்க போய் உக்காந்துக்கறேன்."

மூன்றாம் நாள் பெஞ்சைத் துடைக்க வந்த பெண் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டாள். நாலாம் நாள், கட்டணம் கட்ட வந்தவர்கள் எந்த ஜன்னலுக்குப் போவது என்று அவளிடமே கேட்டார்கள். அவளும் சொன்னாள், கூடவே மாவு மில் முக்குக் கதையையும் சொன்னாள். அதுதான் இன்ஜினியருக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவரே வெளியே வந்தார்.

"அது ஏம்மா ஆறு மணி?"

"அப்பதான் நீங்க தண்ணி விடறீங்க. ஓடறப்பதான் காதுல கேக்கும்."

"ஒரே ஒரு தடவை வருவேன். அங்க ஒண்ணும் இல்லேன்னா மறுபேச்சு பேசாம அறுபது மீட்டருக்கும் கட்டணும். எழுதித் தருவீங்களா?"

"பேனாவைக் கொடுங்க."

எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வரும் வழியில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஐந்து நாள் கூலி போயிற்று, இனி வீடும் போனால் என்ன செய்வது என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, எழுதிக் கொடுத்ததற்கு வருத்தப்படவில்லை.

சொன்ன நேரத்துக்கு இன்ஜினியர் வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் குமாஸ்தா, கக்கத்தில் வரைபடமும் பதிவேடும், சட்டைப்பையில் அவள் எழுதிக் கொடுத்த தாள். வேடிக்கை பார்க்க விடிகாலையில் எழுந்து வந்த அவர் முகத்தில் தூக்கமே இல்லை. வேன் டிரைவர் ஒரு சொம்புத் தண்ணீரில் வண்டி முழுவதையும் துடைத்துக்கொண்டிருந்தார். நடைப்பயிற்சி முடிந்து வந்த காண்ட்ராக்டர் கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"என்ன விசேஷம்?"

"குழாய் தேடறோம்" என்றாள்.

அவர் முகம் ஒரு கணம் இறுகி, பிறகு சிரித்தது. இன்ஜினியர் ரோட்டைப் பெயர்க்கக் கூடாது, வேண்டுமானால் தட்டிப் பார்க்கலாம் என்றார். மில் முக்கிலிருந்து டேப்பைப் பிடித்தார்கள். பதினெட்டுக் கோல், நூற்றெண்பது அடி. வேன் டிரைவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. அவள் கடப்பாரையைத் தூக்கி, மெதுவாகக் குத்தினாள்.

தொப்.

ஒரு முழம் தள்ளிக் குத்தினாள். தொப். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ரோட்டின் நடுவில், ஓரத்தில். எங்கே குத்தினாலும் தார் மண்ணோடு மண்ணாகத்தான் சத்தம் போட்டது.

"ரோட்டுக்கு உடம்பு சரியில்லையாம்மா? இப்படித் தட்டித் தட்டிப் பாக்கறே?" என்றார் காண்ட்ராக்டர். குமாஸ்தா சட்டைப்பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவளுக்கு முகம் தீயாய் எரிந்தது. மறந்துவிட்டேனா? பதினெட்டுத்தானா, இருபதா? இல்லை, பதினெட்டுத்தான். கூலி வாங்கும்போது விரல் விட்டு எண்ணியிருக்கிறாள். அப்படியானால் மூடி எங்கே போயிற்று? தன் வாயாலேயே வீட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே.

"அந்தக் கோல் பத்தடி இல்ல."

வீட்டு வாசலிலேயே ஒதுங்கி நின்றிருந்த கொத்தனார் பேசினார். குரல் அவருக்கே கேட்டிருக்காது, அவ்வளவு சின்னதாக இருந்தது. எல்லாரும் திரும்பியதும் தெருவுக்கு இறங்கி வந்து, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார்.

"பத்தடி இல்ல சார். பதினோரு அடி. இவர் வீட்டு மதில் கட்டறப்ப, அதே கோலைக் கொடுத்து அளக்கச் சொன்னாரு. என் டேப்பை வெச்சுப் பாத்தேன், ஓரடி கூட இருந்தது. பள்ளம் வெட்டறவங்களுக்கு இதை வெச்சுத்தான் அளந்தீங்களான்னு கேட்டேன். 'உனக்கு வேலை வேணுமா, அளவு வேணுமா'ன்னாரு." அவர் மனைவி பக்கம் திரும்பினார். "வேலை வேணும்னுட்டேன்."

"உளறாதே" என்றார் காண்ட்ராக்டர்.

கடப்பாரை புருஷனைப் பார்த்தாள். ஒவ்வொரு கோலுக்கும் ஓரடி கூலியில்லாமல் வெட்ட வைத்திருக்கிறான் அந்தக் காண்ட்ராக்டர். இந்த மனிதருக்கு அது தெரியும். அந்த நாட்களைப் பற்றி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேசும்போதெல்லாம் உம் கொட்டிக்கொண்டு, எண்ணெய் தேய்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். கையிலிருந்ததை வீசி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. அதே நேரத்தில், காண்ட்ராக்டர் எதிரிலேயே நின்று இதைச் சொல்ல அவருக்கு இன்றைக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"உங்ககிட்ட வீட்டுக்குள்ள போய்ப் பேசிக்கறேன்" என்றாள். "சார், பதினெட்டடி சேர்த்துப் பிடிங்க."

நூற்றுத் தொண்ணூற்றெட்டு அடி. டேப் வேன் டிரைவர் வாசலைத் தாண்டி, இடையிலிருந்த வேலியைத் தாண்டி, அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. முதல் குத்து, தொப். ஒரு சாண் தள்ளி இரண்டாவது குத்து.

ணங்.

அந்தச் சத்தத்தை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேன் டிரைவர் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். வைத்த பிறகுதான் அதில் தண்ணீர் மிச்சம் இருந்தது தெரிந்து மறுபடி எடுத்துக்கொண்டார்.

"அது பழைய சாக்கடை மூடி" என்றார் காண்ட்ராக்டர், கேட்காமலேயே.

இன்ஜினியர் தயங்கினார். அவள் கடப்பாரையின் கூர்முனையை அந்த இடத்தில் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள்.

"மேல் நுனியில காதை வைங்க சார். சாக்கடையா, குடிதண்ணியான்னு அதுவே சொல்லும்."

இன்ஜினியர் சுற்றிலும் பார்த்தார். இஸ்திரி போட்ட கால்சட்டையோடு முழங்கால் போட்டு, குனிந்து காதை வைத்தார். முதலில் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓடுது" என்றார். "நல்லா ஓடுது."

"மண்ணுக்குள்ள ஆயிரம் சத்தம் வரும், அதையெல்லாம் நம்பிக்கிட்டு..." என்று சொல்லிக்கொண்டே காண்ட்ராக்டர் நகர்ந்தார். முதலில் நடைதான். நாலு வீடு தள்ளி அது ஓட்டமாகிவிட்டது. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது வேன் டிரைவர் மட்டும்தான்.

"ஓடுது... இன்னும் ஓடுது..." என்றார் இன்ஜினியர். திடீரென்று புருவம் சுருங்கியது. "நின்னுடுச்சே?"

நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். தெருக்கோடியில், பச்சைப் புல்லுக்கு நடுவில், காண்ட்ராக்டர் தோட்டத்துக் குழாயை இறுக்கி மூடிவிட்டு, கையை எடுக்கக்கூட மறந்து நின்றார். புல்லில் கிடந்த ரப்பர் குழாயின் வாயிலிருந்து கடைசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் யாரிடமும் மாட்டாத மனுஷன், தன் கையாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

"திறங்க சார் அதை!" என்று இன்ஜினியர் கத்தினார். காண்ட்ராக்டர் அசையவில்லை. வேன் டிரைவர் விறுவிறுவென்று போய், வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து திருகிவிட்டு வந்தார். நாலு வருடமாக லாரிக்குக் காத்திருந்த கை அது, கொஞ்சம் பலமாகவே திருகியது.

இன்ஜினியர் மறுபடி காதை வைத்தார்.

"ஓடுது."

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, உங்க கட்டணத்தை மூணு மீட்டருக்குப் போட்டுத் தர்றேன். இன்னிக்கே. ஆனா இந்த வரைபடத்தைத் தொட்டா விவகாரம் மேல வரைக்கும் போகும். யார் பதிச்சது, யார் விட்டதுன்னு பன்னெண்டு வருஷத்தைக் கிளறுவாங்க. உங்களுக்கு வேண்டியது கிடைச்சுடுச்சு. அதோட விட்டுடுங்களேன்."

மூன்று மீட்டர். சமையலறைக் குழாயில் நாளைக்கழித்துத் தண்ணீர் வரும். மாதக் கடைசியில் குடிவந்துவிடலாம். அடகு இல்லை, கடன் இல்லை. சரி என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்போது வேன் டிரைவர் சொம்போடு நின்றுகொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. கேட்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது அவருக்கு.

"காகிதத்துல குழாய் மில் முக்குலயே நின்னா, என் வாசலுக்கு மட்டும் எப்படி சார் மூணு மீட்டர் ஆகும்? நாளைக்கு உங்க நாற்காலியில வேற ஒருத்தர் வந்து உக்காந்தா என்னைத் திருடின்னுவாரு. இவருக்கு மறுபடி அதே தாளைக் கொடுப்பாரு. பூசி மெழுகற வேலையெல்லாம் எங்க வீட்டுக்காரர் பாத்துப்பாரு, சுவத்துக்கு. இதுக்கு வேண்டாம். வரைபடத்துல கோட்டை இழுங்க."

"நான் மட்டும் முடிவு பண்ண முடியாதும்மா."

"நீங்க காதால கேட்டதை நீங்க மட்டும்தானே சார் எழுத முடியும்?"

இன்ஜினியர் தெருக்கோடியை ஒரு தடவை பார்த்தார். பிறகு குமாஸ்தாவிடம் கையை நீட்டினார். வாசல் படியில் வரைபடத்தை விரித்தார்கள். சுருண்டுகொண்ட மூலையில் கொத்தனார் தன் கரண்டியை வைத்தார். இன்ஜினியர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"பேனாவால போடுங்க சார்" என்றார் கொத்தனார்.

பேனா வந்தது. மில் முக்கில் பன்னிரண்டு வருடமாக நின்றிருந்த நீலக் கோடு தெருவுக்குள் திரும்பி, வேன் டிரைவர் வீட்டைத் தாண்டி, அவள் வாசலில் ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டு, காண்ட்ராக்டர் வீடு வரைக்கும் போயிற்று. பக்கத்தில், நேரில் ஆய்வு செய்யப்பட்டது என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்குக் கீழே தன் பெயரையும் பதவியையும் முழுசாக எழுதினார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அந்தப் பையன்மேல் மரியாதை வந்தது.

குமாஸ்தா பதிவேட்டைத் திறந்தார். "முக்குலேருந்து வால்வு வரைக்கும் நீளம் எவ்வளவு? பதினெட்டுக் கோல்னா நூத்தியெண்பதுன்னு போட்டுடவா?"

"நூத்தித் தொண்ணூத்தெட்டு" என்றாள் கடப்பாரை. "எட்டுப் பேர் வெட்டினோம் சார். அதுல பதினெட்டடிக்கு எங்களுக்குக் கூலியும் வரல, பேரும் வரல. எங்கேயாவது ஒரு இடத்துல எழுதிவைங்க. நூத்தித் தொண்ணூத்தெட்டு."

குமாஸ்தா எழுதினார். எழுத்தாலும் எண்ணாலும் எழுதினார். அவள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப வாங்க உள்ள" என்றாள். "அந்த இன்னொரு கணக்கைப் பேசலாம்."

கொத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு முன்னால் உள்ளே போனார்.